தெளிந்த பிளாஸ்டிக் தகடு விரிசல் விட்டால் எந்தப் பசை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டைப் பக்கம் அக்ரிலிக் வெட்டி, பெயர்ப்பலகை செய்து கொடுப்பது என் தொழில். ஆனால் விற்பதைவிட ஒட்டுவதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது. உடைந்த துண்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு சங்கரன்கோவிலிலிருந்தும் வருகிறார்கள், ராதாபுரத்திலிருந்தும் வருகிறார்கள். எல்லாரும் கேட்பது "எந்தப் பசை நல்ல பசை?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பது இரண்டு: அது என்ன பிளாஸ்டிக்? எதனால் உடைந்தது? இந்த இரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டால் பசை தானாக முடிவாகிவிடும். கடையில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

அண்ணாச்சி, எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு பசை சொல்லிவிடக் கூடாதா?

சொல்ல முடிந்தால் எனக்கும் வேலை மிச்சம். பசைகள் இரண்டு விதமாக வேலை செய்கின்றன. ஒரு வகை, பிளாஸ்டிக்கையே கரைத்து இரண்டு துண்டையும் ஒன்றாக்கும். திரவம் ஆவியாகிப் போய்விடும். மிஞ்சுவது பிளாஸ்டிக் மட்டுமே. குளோரோஃபார்ம், டைகுளோரோமீத்தேன் இரண்டும் இந்த வகை. கரைப்பான் என்று நான் சொல்வது இவற்றைத்தான். அடுத்த வகை, நடுவில் ஒரு படலமாக உட்கார்ந்து இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும். எப்பாக்சி, சிலிக்கான், ஃபெவிகுவிக் எல்லாம் அப்படித்தான்.

முதல் வகைக்குப் பிளாஸ்டிக் கரைய வேண்டும். இரண்டாவதற்கு மேல்பரப்பு பிடிகொடுக்க வேண்டும். கரையவும் கரையாமல் பிடியும் கொடுக்காமல் இருக்கும் பிளாஸ்டிக்கும் உண்டு. அதற்குக் கடையில் இருக்கிற அத்தனை குப்பியையும் வாங்கிக் கொட்டினாலும் பயன் இல்லை.

என்னிடம் இருப்பது அக்ரிலிக்கா, பாலிகார்பனேட்டா? எப்படித் தெரிந்துகொள்வது?

விற்கும்போது எல்லாவற்றையும் "ஃபைபர்" என்றோ "மைக்கா" என்றோ சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். அதை நம்ப வேண்டாம். முதலில் அந்தத் தகடு எங்கே இருந்தது என்று பாருங்கள். பெயர்ப்பலகை, கடையின் கண்ணாடிப் பெட்டி, சாமி படத்தின் முன்மறைப்பு, விருதுக் கேடயம் என்றால் பெரும்பாலும் அக்ரிலிக். கார் ஷெட் கூரை, மொட்டை மாடிப் படிக்கட்டின் மேல்மறைப்பு, ஹெல்மெட்டின் முகக்கண்ணாடி, பைக்கின் முகப்பு விளக்கு மூடி என்றால் பாலிகார்பனேட். குளிர்சாதனப் பெட்டிக்குள் இருக்கும் காய்கறித் தட்டு பெரும்பாலும் பாலிஸ்டைரீன். வளையும் மெல்லிய தாள் போன்ற கவர்கள் பிவிசியாகவோ பெட் (PET) பிளாஸ்டிக்காகவோ இருக்கலாம்.

அடுத்து, உடைந்த விதம். அக்ரிலிக் நிஜக் கண்ணாடியைப் போல் "டக்" என்று உடையும். விளிம்பு கையைக் கிழிக்கும். பாலிகார்பனேட் அவ்வளவு எளிதில் உடையாது. மடித்தால் மடங்கும், மடிப்பில் வெளுக்கும், பிறகு கிழியும். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள்: அக்ரிலிக் கணீரென்று கேட்கும், பாலிகார்பனேட் மொத்தென்று கேட்கும்.

இன்னும் சந்தேகம் என்றால் ஒரு துணுக்கைத் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பாலித்தீன் அல்லது பாலிபுரோப்பிலீன். ஒட்டும் ஆசையைப் பெரும்பாலும் அங்கேயே விட்டுவிடலாம். மூழ்கினால் கடைசிச் சோதனை நெருப்பு. நகக்கண் அளவுத் துணுக்கை இடுக்கியில் பிடித்து, வீட்டுக்கு வெளியே, காற்று உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்று கொளுத்துங்கள். அக்ரிலிக் சடசடவென்று தொடர்ந்து எரியும். பழம் அழுகியது போன்ற இனிப்பு வாசனை வரும். பாலிகார்பனேட் கரும்புகை விடும். நெருப்பை எடுத்ததும் தானே அணைந்துவிடும். பாலிஸ்டைரீன் ஒட்டடை போல் கரி பறக்க எரியும், அணையாது. மூக்கைக் குத்தும் நெடியோடு, சுடரின் ஓரம் பச்சையாகத் தெரிந்தால் அது பிவிசி. அந்தப் புகை அமிலப் புகை, உடனே தள்ளிப் போய்விடுங்கள். எந்தப் புகையையும் குனிந்து முகர வேண்டாம். கையால் விசிறி, வருவதை மட்டும் உணர்ந்தால் போதும்.

ஃபெவிகுவிக் போட்டேன். ஒட்டியது, ஆனால் சுற்றிலும் வெள்ளையாகப் பூத்துவிட்டது. ஏன்?

அதன் பெயர் சயனோஅக்ரிலேட். காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடித்துத்தான் இறுகும். இறுகுவதற்கு முன் கொஞ்சம் ஆவியாகி, பக்கத்துப் பரப்பில் படிந்து, அங்கேயே இறுகிப்போகும். அந்தப் படிவுதான் நீங்கள் பார்க்கும் வெள்ளை. அளவு கூடினாலும், மூடிய இடத்தில் ஒட்டினாலும் இன்னும் அதிகமாகப் பூக்கும்.

இதன் கதையே வேடிக்கையானது. 1942-ல் அமெரிக்காவில் ஹாரி கூவர் என்ற வேதியியலாளரின் குழு, துப்பாக்கியில் குறிபார்க்கும் கருவிக்குத் தெளிந்த பிளாஸ்டிக் தேடியபோது இது கையில் வந்தது. தொட்டதில் எல்லாம் ஒட்டிக்கொண்டதால் ஒதுக்கிவிட்டார்கள். 1951-ல் ஜெட் விமானத்தின் மேல்மூடிக்கு வெப்பம் தாங்கும் பிளாஸ்டிக் தேடியபோது மறுபடியும் அகப்பட்டது. 1958-ல் பசையாக விற்பனைக்கு வந்தது. தெளிந்த பிளாஸ்டிக்கைத் தேடியவர்களுக்குக் கிடைத்த பசை, தெளிந்த பிளாஸ்டிக்கில்தான் முகத்தைக் கெடுக்கிறது.

வெள்ளைப் பூப்பைத் தொலைக்க அசிட்டோனைத் தொடாதீர்கள். அது அக்ரிலிக்கைக் கரைக்கும், பாலிகார்பனேட்டை வெளுக்கவைத்து நொறுக்கும். பித்தளை துலக்கும் பாலிஷை மெல்லிய பருத்தித் துணியில் தொட்டு, அழுத்தாமல் வட்டமாகத் தேய்த்தால் அக்ரிலிக்கில் போய்விடும். அவசரத்துக்கு இரண்டு துண்டைச் சேர்த்து நிறுத்த, கண்ணுக்குத் தெரியாத உள்பக்கத்தில் ஒரு சொட்டு ஃபெவிகுவிக் வைப்பதில் தப்பில்லை. முகப்பில் வேண்டாம்.

அக்ரிலிக்குக் குளோரோஃபார்ம்தான் ஊற்ற வேண்டும் என்கிறார்களே?

தொழிலில் இருப்பவர்கள் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள், டைகுளோரோமீத்தேனையும் பயன்படுத்துகிறார்கள். அக்ரிலிக்கும் அக்ரிலிக்கும் சேரும் இடத்தில் இவற்றுக்கு இணை இல்லை. நன்றாகச் செய்த இணைப்பு கோடு கூடத் தெரியாமல் தெளிந்து நிற்கும்.

ஆனால் நம் ஊர் வெயிலை இதில் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். டைகுளோரோமீத்தேன் 40 டிகிரி செல்சியஸை எட்டும் முன்பே கொதித்துவிடும். பாளையங்கோட்டையில் மே மாதம் நண்பகல் வெயில் அதை ஒட்டித்தான் இருக்கிறது. ஊசியிலிருந்து இறங்கும் முன்பே பாதி ஆவியாகி, இணைப்பில் குமிழி குமிழியாக நிற்கும். குளோரோஃபார்ம் 61 டிகிரியில்தான் கொதிக்கும். அதனால் கோடையில் அது கொஞ்சம் பொறுமை காட்டும். எதுவானாலும் விடியற்காலையிலோ, வெயில் தாழ்ந்த பிறகோ செய்யுங்கள். இதற்கு நேர்மாறான தொல்லை தென்காசி, குற்றாலம் பக்கம் சாரல் காலத்தில் வரும். திரவம் வேகமாக ஆவியாகும்போது அந்த இடம் குளிரும். குளிர்ந்த இடத்தில் காற்றின் ஈரம் படியும். இணைப்பு பால் போல் வெளுக்கும். அப்படிப்பட்ட நாளில் வேலையைத் தள்ளிப் போடுவதே நல்லது.

செய்முறையைச் சொல்கிறேன். இரண்டு விளிம்பும் இடைவெளி இல்லாமல் பொருந்த வேண்டும். இது பொருந்தாத இடத்தை நிரப்பும் பசை அல்ல. விளிம்பைச் சமமான மரக்கட்டையில் ஒட்டிய 320 எண் உப்புத்தாளில் நேராகத் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, முழுக்க உலரவிடுங்கள். துண்டுகளைச் சேர்த்து டேப்பால் நிறுத்துங்கள். மூட்டு தரைக்குக் கிடையாக இருக்கட்டும். மெல்லிய எஃகு ஊசி போட்ட சிரிஞ்சில் கொஞ்சமாக எடுத்து, ஊசி முனையை மூட்டின் ஓரத்தில் வைத்து, அழுத்தாமல் நகர்த்திக்கொண்டே போங்கள். திரவம் தானே உள்ளே ஓடும். ஓடுவது கண்ணுக்குத் தெரியும்: வெளிறிய மூட்டு, நனைந்த இடத்தில் மட்டும் பளிச்சென்று தெளிந்துகொண்டே முன்னேறும். எங்காவது வெள்ளித் திட்டாக நின்றுவிட்டால் அங்கே காற்று மாட்டியிருக்கிறது. எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு துளி கொடுங்கள். பிறகு இலேசாக மட்டும் அழுத்துங்கள். ஓங்கி அழுத்தினால் கரைந்த பிளாஸ்டிக் வெளியே பிதுங்கி, மூட்டு வறண்டுபோகும். சில நிமிடத்தில் பிடித்துவிடும். ஆனால் ஒருநாள் முழுவதும் பாரம் ஏற்றாதீர்கள்.

விளிம்பு சரியாகப் பொருந்தவில்லை என்றால், அதே அக்ரிலிக்கின் அறுத்த தூளை அதே திரவத்தில் ஒரு கண்ணாடிக் குப்பியில் ஊறவைத்தால் பாகு போல் கெட்டிப் பசை கிடைக்கும். மெல்லிய இடைவெளியை அது நிரப்பும். ஆனால் உலரும்போது சுருங்கும், குமிழியும் விடும். கூழ்ப் பசையாகவே டியூபில் விற்பதும் இதே கதைதான்.

அந்தத் திரவங்கள் ஆபத்தா?

ஆபத்துதான், சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. குளோரோஃபார்ம் ஒரு காலத்தில் மயக்க மருந்து. இதயத்தையும் கல்லீரலையும் கெடுக்கும் என்பதால் கைவிடப்பட்டது. டைகுளோரோமீத்தேனைச் சுவாசித்தால் உடம்புக்குள் அது கார்பன் மோனாக்சைடாகவும் மாறுகிறது. இதய நோய் உள்ளவர்கள் பக்கத்திலேயே போகக் கூடாது. இரண்டின் ஆவியும் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். ஏசி போட்டுக் கதவைச் சாத்திய அறையில் தரையில் உட்கார்ந்து வேலை செய்வதுதான் இருப்பதிலேயே மோசமான முறை. திண்ணையிலோ மாடியிலோ, காற்று குறுக்காகப் போகும் இடத்தில், மேஜை மேல் வைத்துச் செய்யுங்கள்.

பீடி, சிகரெட், விளக்கு எதுவும் அருகில் கூடாது. இந்த ஆவி நெருப்பில் பட்டால் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். சாதாரண ரப்பர் கையுறை இதைச் சில நிமிடம்கூடத் தடுக்காது. அதைப் போட்டுக்கொண்டோமே என்ற தைரியத்தில் கையை நனைக்க வேண்டாம். நனைந்தால் உடனே கழற்றி எறிந்துவிடுங்கள். சோடா பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கத்தை யார் வீட்டில் பார்த்தாலும் சண்டை போடுங்கள். வீட்டில் ஒரே ஒரு சட்டத்தை ஒட்ட வேண்டும் என்றால், குப்பி வாங்குவதைவிடப் பெயர்ப்பலகை செய்யும் கடையில் கொடுத்து ஒட்டி வாங்குவதே மேல்.

நன்றாகத்தான் ஒட்டினேன். மறுநாள் மூட்டைச் சுற்றி மயிரிழை போல் கீறல்கள். எங்கிருந்து வந்தன?

தகட்டுக்குள்ளேயே அடைபட்டிருந்த இறுக்கம் அது. லேசரில் வெட்டிய விளிம்பும், நெருப்பால் மெருகேற்றிய விளிம்பும் பார்க்கப் பளபளக்கும்; ஆனால் உருகி வேகமாக ஆறியதால் உள்ளே இழுவிசை தங்கியிருக்கும். கரைப்பான் பட்டதும் அது வெடிப்பாக வெளியே வருகிறது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாலே சில தகடுகளில் வந்துவிடும். அதனால் ஒட்ட வேண்டிய விளிம்புக்கு மெருகு கொடுக்காதீர்கள். ரம்பத்தில் வெட்டி உப்புத்தாளில் தேய்த்தது போதும். லேசரில்தான் வெட்டியாக வேண்டும் என்றால், ஒட்டுவதற்கு முன் சுமார் 80 டிகிரி சூட்டில் சில மணி நேரம் வைத்து மெதுவாக ஆறவிட வேண்டும். அதற்கு ஒழுங்கான அடுப்பு உள்ள பட்டறை தேவை. வீட்டுச் சமையல் அடுப்பில் முயல வேண்டாம்.

கார் ஷெட்டின் பாலிகார்பனேட் கூரையில் ஸ்க்ரூ பக்கத்திலிருந்து விரிசல் ஓடுகிறது. என்ன பசை அடைக்கும்?

எனக்கு மிக அதிகமாக வரும் கேள்வி இது. பெரும்பாலும் பசைக்கும் இந்த விரிசலுக்கும் சம்பந்தம் இல்லை. கணக்கைப் பாருங்கள். பாலிகார்பனேட் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரி சூட்டுக்கு, சுமார் 0.07 மில்லிமீட்டர் நீளும். 3 மீட்டர் தகடு விடியற்காலை 24 டிகிரியில் இருந்து நண்பகலில் 60 டிகிரி வரை சுட்டால் 7 மில்லிமீட்டருக்கு மேல் நீள்கிறது. அடியில் இருக்கும் இரும்புக் குழாய் அதே சூட்டில் நீள்வது ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. ஸ்க்ரூ எவ்வளவு தடிமனோ அவ்வளவுக்கே துளை போட்டு, வாஷர் பள்ளம் விழும்படி முறுக்கிவிட்டால், நகர வழியில்லாத தகடு துளையின் ஓரத்தில் தினமும் இழுபட்டுக் கிழியும். அதற்கு மேல் பணகுடி, வள்ளியூர், கயத்தாறு மாதிரிக் காற்றாலைகள் சுழலும் ஊர் என்றால் தென்மேற்குப் பருவத்தில் தகடு படபடத்துக்கொண்டே இருக்கும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது இங்கே நிஜமான எச்சரிக்கை.

ஆகவே முதலில் ஸ்க்ரூவைக் கழற்றுங்கள். 6 மில்லிமீட்டர் ஸ்க்ரூவுக்குத் துளை 10 மில்லிமீட்டராவது இருக்கட்டும். பிவிசி வாஷர் இருந்தால் எடுத்துவிட்டு ஈபிடிஎம் ரப்பர் வாஷர் போடுங்கள். பிவிசியில் இருக்கும் இளக்கி எண்ணெய் பாலிகார்பனேட்டைத் தின்னும். வாஷர் தகட்டில் படிய வேண்டும், நசுங்கக் கூடாது.

பிறகு விரிசல். அதன் நுனியை வெளிச்சத்துக்கு எதிரே தேடிப் பிடியுங்கள். கண்ணுக்குத் தெரிவதைவிட அது சற்று முன்னே போயிருக்கும். அந்த நுனியில் 3 அல்லது 4 மில்லிமீட்டரில் ஒரு வட்டத் துளை போடுங்கள். கூர்முனை இல்லாமல் போனதும் விரிசல் அங்கேயே நின்றுவிடும். துளையிடும்போது அடியில் மரத்துண்டு, மெதுவான வேகம். சோப்புத் தண்ணீரில் கழுவி உலர்த்திய பின், விரிசலைத் தாண்டி நாலு பக்கமும் 5 சென்டிமீட்டர் வரும்படி அதே வகைத் தகட்டில் ஒரு ஒட்டுத்துண்டு வெட்டுங்கள். நியூட்ரல் சிலிக்கானை இரண்டு மில்லிமீட்டர் கனத்தில் பரப்பி அதன்மேல் படியவையுங்கள். துண்டின் புற ஊதா தாங்கும் பக்கம் வானத்தைப் பார்க்க வேண்டும். புதுத் தகட்டின் பாதுகாப்புத் தாளில் எந்தப் பக்கம் மேலே என்று அச்சிட்டிருப்பார்கள். சிலிக்கான் ஓரத்திலிருந்து உள்ளே நாளுக்கு 2, 3 மில்லிமீட்டர்தான் இறுகும். அகலமான ஒட்டு பல நாள் எடுக்கும். சித்திரையிலேயே முடித்துவைத்தால் காற்றுக்கு முன் இறுகிவிடும்.

உள்ளே குழல் குழலாக இருக்கும் தகட்டில் பச்சைப்பாசி பிடித்திருந்தால், மேல்முனையை அலுமினிய டேப்பால் முழுக்க அடைத்து, கீழ்முனைக்குக் காற்றுப்போகும் டேப் ஒட்ட வேண்டும். குழல்கள் சரிவோடு இறங்க வேண்டும், குறுக்கே அல்ல. பல வீடுகளில் இதைத் தலைகீழாகப் போட்டிருக்கிறார்கள்.

சிலிக்கானில் எது நியூட்ரல் என்று எப்படித் தெரியும்?

டியூபைத் திறந்ததும் காடி நெடி அடித்தால் அது அசிட்டிக் வகை. நிஜக் கண்ணாடிக்கு அருமையானது, பாலிகார்பனேட்டுக்கு ஆகாது. அந்த அமிலம் இழுபட்ட இடங்களில் கீறல் விழச் செய்யும். டியூபின் மேல் நியூட்ரல் என்று எழுதியிருப்பதையே கேட்டு வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடுதல்தான். கூரைத் தகட்டின் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

ஆரல்டைட் மாதிரி இரண்டு டியூப் எப்பாக்சி ஒட்டாதா?

ஒட்டும், பார்வைக்கு ஒட்டாது. தெளிவாக இருந்தது வெயிலில் தேன் நிறமாகி, பிறகு பழுப்பாகும். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை இன்னும் சீக்கிரம் நிறம் மாறும். இறுகியபின் விறைப்பாக நிற்பதால் வளையும் தகட்டிலிருந்து தோல் உரிவது போல் பெயர்ந்தும் வரும். அக்ரிலிக்கில் இரும்புக் கீலோ தாங்கியோ பிடிக்கவைக்க, வெளியே தெரியாத இடத்தில், இரு பரப்பையும் 120 எண் உப்புத்தாளில் சொரசொரப்பாக்கிய பிறகு போட்டால் நன்றாகவே நிற்கும்.

வெயிலில் வைத்தால் இறுகும் யுவி (புற ஊதா) பசை நம் ஊருக்கு ஏற்றதுதானே?

வெயிலுக்குப் பஞ்சமில்லை, தகடு அந்த வெயிலை உள்ளே விட வேண்டுமே. கூரைக்கு வரும் பாலிகார்பனேட்டின் மேல் புற ஊதாவைத் தடுக்கும் மெல்லிய படலம் இருக்கிறது. அதற்கு அடியில் வைத்த யுவி பசை நாள் முழுக்க வெயிலில் கிடந்தாலும் பிசுபிசுவென்றே இருக்கும். சாதாரண அக்ரிலிக்கிலும், கண்ணாடியோடு அக்ரிலிக்கைச் சேர்ப்பதிலும் இது நல்ல பசை. துண்டை நகர்த்திச் சரிசெய்ய அவகாசம் கொடுக்கும். நிழலில் பொருத்திவிட்டு, பிறகு வெயிலுக்குக் கொண்டு போங்கள்.

அல்வாக் கடை வைத்திருக்கிறேன். முன்பக்க அக்ரிலிக் மூலையில் விட்டுப் போயிற்று. எத்தனை முறை ஒட்டினாலும் நிற்கவில்லை.

நெய். பசையின் குற்றம் அல்ல. அல்வாவின் நெய் ஆவியும், மிக்சர் வறுக்கும் எண்ணெயும் கண்ணுக்குத் தெரியாத படலமாக மூட்டுக்குள் இறங்கியிருக்கும். அதன்மேல் எதைப் போட்டாலும் நெய்யைத்தான் ஒட்டுகிறீர்கள். பழைய பசையை முழுக்கச் சுரண்டி எடுத்து, பாத்திரம் கழுவும் திரவத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து இரண்டு முறை கழுவி, விளிம்பை உப்புத்தாளில் தேய்த்துப் புதுப்பரப்பைக் கொண்டு வாருங்கள். தண்ணீர்த் துளி விட்டால் உருளாமல் பரவ வேண்டும். உருண்டால் இன்னும் நெய் இருக்கிறது. பெட்ரோலோ தின்னரோ போட்டுத் துடைக்காதீர்கள்.

கரைப்பான் போட்டு ஒட்டுவதென்றால் பண்டங்களை எடுத்துவிட்டு, பெட்டியைக் கடைக்கு வெளியே கொண்டுபோய் ஒட்டி, நெடி முழுதும் போகும்வரை இரண்டு நாளாவது திறந்து வையுங்கள். பண்டம் நேரடியாகப் படும் தட்டை ஒட்டவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். பெட்டிக்குள் சூடான குண்டு பல்பு இருந்தால் அதையும் எல்இடிக்கு மாற்றுங்கள். மூலை விட்டுப்போக அந்தச் சூடும் ஒரு காரணம்.

குளிர்சாதனப் பெட்டியின் காய்கறித் தட்டு?

பாலிஸ்டைரீன் என்றால் கரைப்பான் நன்றாகவே சேர்க்கும். ஆனால் மிக வேகமாகக் கரைக்கும், ஒரு துளி தவறி விழுந்தால் தழும்பு நிரந்தரம். விரிசலின் அடிப்பக்கம் ஒரு பட்டைத் துண்டை ஒட்டிப் பலப்படுத்துங்கள். மடங்கும் மூடியுள்ள டப்பாக்கள் பாலிபுரோப்பிலீன். அவற்றை ஒட்ட முதலில் பூசும் தனிப் பூச்சும் பசையும் சேர்த்து விற்கிறார்கள், சிறு இணைப்புக்கு ஓரளவு பிடிக்கும். டப்பாவின் விலையை யோசித்துக்கொள்ளுங்கள்.

ஹெல்மெட்டின் முகக்கண்ணாடி விரிசல் விட்டிருக்கிறது.

மாற்றுங்கள். இதற்குப் பசை சொல்ல மாட்டேன்.

அக்ரிலிக் மீன் தொட்டி ஒழுகுகிறது. சிலிக்கான் அடிக்கலாமா?

கண்ணாடித் தொட்டிக்குச் சிலிக்கான் உயிர். அக்ரிலிக்கில் அதன் பிடி குறைவு. தண்ணீரின் பாரத்தில் நாளடைவில் உரிந்துவரும். தொட்டியைக் காலி செய்து, முழுக்க உலர்த்தி, மூட்டில் கரைப்பானை ஓடவிட்டு, உள்மூலையில் முக்கோணக் கம்பி போன்ற அக்ரிலிக் துண்டை ஒட்டிப் பலப்படுத்துவதே சரி. மீனை விடுவதற்கு முன் தண்ணீர் நிரப்பி வெளியேற்றுவதைச் சில நாள் செய்யுங்கள்.

2023 வெள்ளத்தில் நனைந்த பெயர்ப்பலகை. விரிசலை இப்போது ஒட்டலாமா?

அந்த டிசம்பர் 17, 18 மழைக்குப் பிறகு தாமிரபரணி ஆறு திருநெல்வேலி ஜங்ஷன் பக்கக் கடைகளுக்குள் வந்தபோது நனைந்த பலகைகள் இன்னும் என்னிடம் வருகின்றன. தண்ணீரால் அக்ரிலிக்குக் கேடில்லை, வண்டல்தான் தொல்லை. விரிசலுக்குள் இறங்கிக் காய்ந்த வண்டல் எந்தத் திரவத்தையும் உள்ளே ஓடவிடாது. விரிசலின் இரு ஓரத்தையும் வி வடிவில் சீவி, மண் படாத பிளாஸ்டிக் தெரியும்வரை திறந்து, கெட்டிப் பசையால் நிரப்ப வேண்டும். கோடு தெரியும். எழுத்துகளைக் காப்பாற்றிப் பின்தகட்டை மட்டும் புதிதாகப் போடுவது பெரும்பாலும் மலிவு.

விரிசல் இருந்த தடமே தெரியாமல் மறைக்க முடியுமா?

விரிசல் பளபளப்பது அதற்குள் இருக்கும் காற்றால். அக்ரிலிக்கின் ஒளிவிலகல் எண் 1.49, காற்றினுடையது 1. அந்த வேறுபாட்டில் ஒளி திரும்பிவிடுகிறது. இடைவெளியை 1.49-ஐ ஒட்டிய எண் உள்ள பொருளால் நிரப்பினால் கண் ஏமாறும். அதனால்தான் அழுக்குப் படாத புது விரிசலில் கரைப்பான் ஓடியதும் மாயம் போல் மறைகிறது. பாலிகார்பனேட்டின் எண் 1.58-ஐத் தாண்டும், அதில் அவ்வளவு சுத்தமாக மறையாது. மேலே மேடு இருந்தால் 400, 800, 1200, 2000 எண் உப்புத்தாள்களை அந்த வரிசையில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பாலிஷ் போடுங்கள். இது அக்ரிலிக்குக்கு மட்டும். பாலிகார்பனேட்டைத் தேய்த்தால் வெயில் தாங்கும் படலமே போய்விடும்.

நெளிநெளியான ஃபைபர் கூரைத் தகடு ஓட்டையாகிவிட்டது. அதற்கும் இதே முறைதானா?

அது கண்ணாடி இழை போட்ட பாலியெஸ்டர். கரைப்பான் எதுவும் அதில் வேலை செய்யாது. ஓட்டையைச் சுற்றிச் சொரசொரப்பாக்கி, கண்ணாடி இழைப் பாயில் ஒரு துண்டை பாலியெஸ்டர் ரெசினில் நனைத்து ஒட்டுங்கள். ரெசினோடு தரும் கெட்டியாக்கியை வெயில் காலத்தில் குறைவாகவே கலக்க வேண்டும். இல்லையென்றால் டப்பாவுக்குள்ளேயே இறுகிவிடும்.

எப்போது ஒட்டுவதை விட்டுவிட்டுத் தகட்டையே மாற்ற வேண்டும்?

நகத்தால் சுரண்டினால் மஞ்சள் தூள் வரும் கூரை, கையால் அழுத்தினாலே நொறுங்கும் ஓரம், நாலைந்து ஸ்க்ரூவிலிருந்தும் ஒரே நேரத்தில் கிளம்பும் விரிசல் என்றால் ஒட்டுக்கு நேரம் செலவழிக்க வேண்டாம். படிக்கட்டுக் கைப்பிடித் தடுப்பு போல் ஆள் சாயும் இடத்தில் ஒரே ஒரு விரிசல் இருந்தாலும் மாற்றுவதுதான். வேலை கூலிக்கு ஆசைப்பட்டு ஒட்டித்தருகிறேன் என்று சொல்பவர்களிடம் அதன்மேல் அவரையே சாய்ந்து காட்டச் சொல்லுங்கள்.

மீந்த பசையை எப்படி வைப்பது?

கரைப்பான்களைப் பழுப்புக் கண்ணாடிக் குப்பியில், இறுக்கமான மூடியோடு, வெயில் படாத, குழந்தைக்கு எட்டாத அலமாரியில் வையுங்கள். குளோரோஃபார்ம் வெளிச்சத்தில் கெட்டு நச்சாக மாறும். மேலே பெயரும் வாங்கிய தேதியும் எழுதி ஒட்டுங்கள். ஃபெவிகுவிக்கை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். எடுத்ததும் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறங்கள், இல்லையென்றால் உள்ளே ஈரம் படிந்து மொத்தமும் இறுகிவிடும். சிலிக்கான் டியூபின் மூக்கில் ஒரு நீளமான ஸ்க்ரூவைச் செருகி வைத்தால் அடுத்த முறை இறுகிய அடைப்பை ஸ்க்ரூவோடு பிடுங்கி எடுத்துவிடலாம்.